தொழிலிடத்தைச் சூழலுக்கு உகந்ததாக மாற்றுவது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடை, அலுவலகம், பட்டறை, கிடங்கு நடத்துகிறவர்களிடமிருந்து ஒரே மாதிரியான சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறோம். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால். முன்பே சொன்ன விஷயம் மறுபடி வந்தால் கேள்வி எண்ணை மட்டும் குறிப்பிட்டிருக்கிறோம்.

1. எங்கிருந்து ஆரம்பிப்பது? செடி வைப்பதா, சோலார் போடுவதா, ஒன்றும் புரியவில்லை.

அளப்பதிலிருந்து ஆரம்பியுங்கள். கடந்த 12 மாத மின்கட்டண ரசீது, தண்ணீர் ரசீது, டீசல், பெட்ரோல், எரிவாயு வாங்கிய கணக்கு எல்லாவற்றையும் எடுத்து, ஒரே தாளில் மாதவாரியாக எழுதுங்கள். தொகையை விட்டுவிட்டு யூனிட், லிட்டர், கிலோ என்று அளவை எழுத வேண்டும். கட்டண விகிதம் மாறும்போது தொகை ஏமாற்றும், அளவு ஏமாற்றாது. 12 மாதம் வேண்டும் என்பதற்குக் காரணம், வெயில் காலமும் மழைக் காலமும் ஒரே மாதிரி இருக்காது.

ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் 2.68 கிலோ கரியமில வாயு வெளியாகிறது, பெட்ரோலுக்கு 2.31 கிலோ. மின்சாரத்துக்கான கணக்கு, உங்கள் ஊர் மின்சாரம் எதிலிருந்து உற்பத்தியாகிறது என்பதைப் பொறுத்தது. தாளில் எந்த வரி பெரியதோ அதுதான் உங்கள் முதல் வேலை. அலுவலகத்தில் பெரும்பாலும் ஏ.சி.யும் விளக்கும் முதலில் வரும். பட்டறையில் மோட்டாரும் கம்ப்ரசரும். சரக்கு அனுப்புகிறவர்களுக்கு எரிபொருள். செடி வையுங்கள், கண்ணுக்கு நல்லது. ஆனால் அது இந்தத் தாளில் எந்த வரியையும் மாற்றாது.

2. மின்சாரம் எங்கே போகிறது என்று கண்டுபிடிக்க ஆள் வைக்க வேண்டுமா?

முதல் கட்டத்துக்குத் தேவையில்லை. இரவு பூட்டும்போது மீட்டர் எண்ணை எழுதுங்கள், காலையில் எதையும் போடுவதற்கு முன் மறுபடி எழுதுங்கள். இரவு 9 மணிக்கு 48,210, காலை 8 மணிக்கு 48,232 என்றால், யாருமே இல்லாத 11 மணி நேரத்தில் 22 யூனிட் போயிருக்கிறது. ஒரு கிலோவாட் சுமை ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். அதாவது 2 கிலோவாட் சுமை விடிய விடிய ஓடியிருக்கிறது. இரவில் ஓட வேண்டியவை எவை என்று பட்டியல் போடுங்கள்: குளிர்பெட்டி, கண்காணிப்பு கேமரா, சர்வர். அவை எல்லாம் சேர்ந்து 600 வாட் என்றால் மீதி 1,400 வாட் யாருக்கும் பயனில்லாமல் போகிறது.

அது எங்கே என்று பார்க்க மீட்டரின் சின்னச் சிவப்பு விளக்கே போதும். எத்தனை முறை மின்னினால் ஒரு யூனிட் என்று மீட்டர் முகப்பிலேயே அச்சிட்டிருக்கும். 3200 என்று இருந்து, வினாடிக்கு ஒரு முறை மின்னினால், அந்த நேரத்துச் சுமை சுமார் 1.1 கிலோவாட். ஒருவர் மீட்டர் முன்னால் நிற்க, இன்னொருவர் ஒவ்வொரு அறையாகச் சுவிட்சை அணைத்துக்கொண்டே வந்தால், எந்த அறையில் மின்னல் மெதுவாகிறது என்று தெரிந்துவிடும். சர்வரையும் குளிர்பெட்டியையும் மட்டும் தொடாதீர்கள்.

பொதுவாக அகப்படுபவை: தண்ணீர் குளிர்விக்கும் இயந்திரம், காபி இயந்திரம், பெயர்ப் பலகை விளக்கு, கழிவறை வெளியேற்று விசிறி. சின்னச் சுமை என்று விடாதீர்கள். 10 வாட் இழுக்கும் ஒரு பொருள் வருடம் முழுக்க ஓடினால் 87.6 யூனிட்.

3. டியூப் லைட்டை எல்லாம் எல்.இ.டி. ஆக்கிவிட்டால் போதுமா?

நல்ல தொடக்கம். பழைய 36 வாட் டியூப், செம்புச் சோக்கோடு சேர்த்து சுமார் 45 வாட் இழுக்கும். அதே வெளிச்சத்துக்கு 18 முதல் 20 வாட் எல்.இ.டி. போதும். நாளுக்கு 10 மணி நேரம், வருடத்துக்கு 300 நாள் என்றால் ஒரு டியூபுக்கு 75 யூனிட் மிச்சம். ஆனால் எண்ணிக்கைக்கு எண்ணிக்கை மாற்றாதீர்கள். பழைய இடத்தில் நாலு டியூப் இருந்தது என்பதற்காக நாலும் தேவை என்று அர்த்தமில்லை. எழுத்து வேலை நடக்கும் மேசை மேல் 300 முதல் 500 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) இருந்தால் போதும். ஜன்னல் ஓர வரிசைக்குத் தனிச் சுவிட்ச் போட்டால் பகலில் அதை அணைத்துவிடலாம்.

தவறு நடக்கும் இடம் வயரிங். சில எல்.இ.டி. டியூப்களுக்கு ஒரு முனையில் மட்டும் மின்சாரம் கொடுக்க வேண்டும். சிலவற்றுக்கு இரு முனையிலும். பழைய சோக்கை அப்படியே விட்டால் அது சூடாகி மின்சாரத்தைத் தின்னும், டியூபும் சீக்கிரம் போகும். எலக்ட்ரீஷியனை வைத்து, உறையில் அச்சிட்ட வரைபடத்தின்படி சோக்கையும் ஸ்டார்ட்டரையும் நீக்கச் சொல்லுங்கள். பிறகு பட்டியின் மேல் 'எல்.இ.டி. மட்டும்' என்று எழுதி ஒட்டுங்கள். நாளைக்கு யாராவது பழைய டியூபை அதில் மாட்டிவிடக் கூடாது.

கழற்றிய டியூபுக்குள் பாதரசம் இருக்கிறது. உடைக்காமல், வந்த அட்டை உறையிலேயே அடுக்கி, அபாயக் கழிவு வாங்குகிறவர்களிடம் கொடுங்கள். ஒன்று உடைந்துவிட்டால் ஜன்னலைத் திறந்துவிட்டு, எல்லோரும் கால் மணி நேரம் வெளியே இருங்கள். துண்டுகளை விறைப்பான அட்டையால் அள்ளி, தூளை ஒட்டுநாடாவால் ஒற்றி எடுங்கள். துடைப்பமோ வாக்யூம் கிளீனரோ வேண்டாம். அவை பாதரசத்தைக் காற்றில் பரப்பிவிடும்.

4. ஏ.சி. இல்லாமல் எங்களால் முடியாது. அதில் என்ன குறைக்க முடியும்?

நிறைய. 24 முதல் 26 டிகிரியில் வைத்து, மேலே விசிறியை ஓட விடுங்கள். ஒரு டிகிரி கூட்டினால் ஏறக்குறைய 5 சதவீதம் மின்சாரம் குறையும். உள்ளே வந்ததும் 18இல் வைத்தால் சீக்கிரம் குளிரும் என்பது சாதாரண ஏ.சி.யில் நடக்காது, கம்ப்ரசர் ஒரே வேகத்தில்தான் ஓடும், நிற்க வேண்டிய நேரத்தில் நிற்காமல் போவதுதான் மிச்சம். வடிகட்டியை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கழுவுங்கள். வெளி யூனிட்டைச் சுற்றி அட்டைப் பெட்டி அடுக்கியிருந்தால் அது தான் வெளியே தள்ளிய சூட்டையே திரும்ப உறிஞ்சும். அரை மீட்டராவது இடம் விடுங்கள். வெயில் விழும் ஜன்னலுக்கு உள்ளே திரை போடுவதைவிட வெளியே நிழல் கொடுப்பது நல்லது. கண்ணாடியைத் தாண்டி வந்த சூடு திரையில் பட்டாலும் அறைக்குள்ளேயே நிற்கும்.

இன்னொன்று அதிகம் பேசப்படுவதில்லை. 'வருடா வருடம் கேஸ் நிரப்ப வேண்டும்' என்று மெக்கானிக் சொன்னால் எங்கோ கசிவு இருக்கிறது. அது மூடிய அமைப்பு, கேஸ் செலவாகாது. பரவலாகப் பயன்படும் ஆர்-410ஏ வாயு ஒரு கிலோ வெளியேறினால் 2,088 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். 1ஆம் கேள்வியின் கணக்குப்படி சுமார் 780 லிட்டர் டீசல் எரித்ததற்கு ஈடு! ஆர்-32க்கு அந்த எண் 675. இவ்வகை வாயுக்களைக் குறைக்கத்தான் 2016இல் ருவாண்டாவின் கிகாலி நகரில் உலக நாடுகள் உடன்பாடு செய்தன. கசிவை அடைத்த பிறகு நிரப்பச் சொல்லுங்கள், பழைய ஏ.சி.யைக் கழற்றும்போது வாயுவைக் காற்றில் திறந்துவிடாமல் சிலிண்டரில் பிடிக்கச் சொல்லுங்கள்.

5. கம்ப்யூட்டரைத் தினமும் அணைத்துப் போட்டால் சீக்கிரம் கெட்டுவிடும் என்கிறார்களே?

கெடாது. பத்து நிமிடம் தொடாவிட்டால் திரையும், அரை மணி நேரத்தில் கணினியும் உறங்கும்படி அமைத்துவிடுங்கள். ஸ்கிரீன் சேவர் எதையும் மிச்சப்படுத்தாது. படம் ஓடினால் திரை விழித்திருக்கிறது என்றுதான் பொருள்.

மடிக்கணினியைப் பொறுத்தவரை, அது தன் வாழ்நாளில் உண்டாக்கும் மாசின் பெரும்பகுதி தொழிற்சாலையிலேயே முடிந்துவிடுகிறது. அதனால் மூன்று வருடத்தில் மாற்றுவதை ஐந்தாக நீட்டுவதுதான் பெரிய சேமிப்பு. பேட்டரியையும் சேமிப்பு வட்டையும் மாற்றினாலே பல பழைய கணினிகள் எழுந்து ஓடும். வாங்கும்போதே பேட்டரியையும் நினைவகத்தையும் மாற்ற முடியுமா என்று கேளுங்கள். ஒட்டி அடைத்த மாடல்களைத் தவிருங்கள்.

6. எங்களுடையது பட்டறை. கம்ப்ரசர்தான் நாள் முழுக்க ஓடுகிறது.

அப்படியென்றால் மற்றதை விட்டுவிட்டு இதைப் பாருங்கள். காற்றை அழுத்தித் தரும் கம்ப்ரசருக்குள் போகும் மின்சாரத்தில் பெரும்பகுதி சூடாகப் போகிறது. கருவியின் முனையில் வேலையாக வருவது பத்தில் ஒரு பங்கு அளவுதான். அந்தக் காற்றைக் கசிய விடுவது பெரிய நஷ்டம். 7 பார் அழுத்தத்தில் 3 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று வினாடிக்குச் சுமார் 11 லிட்டர் காற்றை விடும். அதை ஈடுகட்ட 3 கிலோவாட்டுக்கு மேல் இழுக்கும்.

கசிவை அளக்க, வேலை முடிந்த பிறகு எல்லாக் கருவிகளையும் நிறுத்துங்கள், ஆனால் குழாய் வால்வுகளை வேலை நேரத்தில் இருந்தபடியே திறந்து விடுங்கள். கம்ப்ரசரை ஓடவிட்டு, அது காற்று நிரப்பும் நேரத்தையும் சும்மா இருக்கும் நேரத்தையும் ஐந்தாறு சுற்று கடிகாரம் பார்த்து எழுதுங்கள். சராசரியாக ஒன்றரை நிமிடம் நிரப்பி, நாலரை நிமிடம் சும்மா இருந்தால், ஆறு நிமிடத்தில் ஒன்றரை: 25 சதவீதத் திறன் கசிவுக்கே போகிறது. 10க்குள் கொண்டுவருவதை இலக்காக வையுங்கள். சோப்பு நுரையை கப்ளிங், ஹோஸ் கிளிப், வடிகட்டிக் கிண்ணம், தொட்டியின் அடிவால்வு என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பாருங்கள். தண்ணீர் வெளியேறட்டும் என்று அடிவால்வைக் கொஞ்சம் திறந்தே வைக்கும் பழக்கம் பல இடங்களில் உண்டு. அதுவே பெரிய ஓட்டை.

அடுத்து அழுத்தம். கருவிக்கு 6 பார் போதுமென்றால் 8இல் வைக்க வேண்டாம். ஒரு பார் குறைத்தால் ஏறக்குறைய 7 சதவீதம் மிச்சம், கசிவும் தானாகக் குறையும். காற்றால் தரை கூட்டுவதையும் உடையில் இருக்கும் தூசியை ஊதுவதையும் நிறுத்துங்கள். இரண்டாவது ஆபத்தும்கூட.

7. காகிதம் குறைக்க வழி?

பிரிண்டர் அமைப்பில் இருபக்க அச்சையே இயல்பாக வையுங்கள். யாருக்கும் நினைவூட்ட வேண்டாம். 80 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 80 கிராம்) ஏ4 தாள் ஒன்று சரியாக 5 கிராம், 500 தாள் கட்டு 2.5 கிலோ. இதை வைத்து வருடக் கணக்கை 1ஆம் கேள்வியின் தாளில் ஏற்றுங்கள். பளபளப்பான பில் தாளை மறுசுழற்சிக் காகிதத்தோடு சேர்க்காதீர்கள். அதன் பூச்சில் பெரும்பாலும் பிஸ்பீனால் வகை வேதிப்பொருள் இருக்கும்.

8. பச்சைத் தொட்டி, நீலத் தொட்டி எல்லாம் வைத்தோம். ஆனால் எல்லாம் கலந்துதான் விழுகிறது.

முதலில் ஒரு நாள் குப்பையைத் தார்ப்பாயில் கொட்டி, கையுறை போட்டுக்கொண்டு, உணவு, காகிதம், அட்டை, பிளாஸ்டிக், மற்றவை என்று பிரித்து எடை போடுங்கள். உங்கள் குப்பையில் உண்மையில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் தொட்டி வாங்கினால் இப்படித்தான் ஆகும்.

தொட்டிகளை எப்போதும் சேர்த்தே வையுங்கள். தனியாக நிற்கும் தொட்டியில் எல்லாமே விழும். மேசைக்கடியில் இருக்கும் சின்னக் கூடைகளை எடுத்துவிடுங்கள். படம் போட்ட ஸ்டிக்கரைவிட, உங்கள் இடத்தில் நிஜமாகவே வரும் பொருளைத் தொட்டி மூடியில் ஒட்டுவது நன்றாக வேலை செய்கிறது: அந்தக் காபி கப், அந்த உறை. கடைசியாக, துப்புரவு செய்கிறவர் எல்லாவற்றையும் ஒரே பையில் கட்டுகிறாரா என்று பாருங்கள். அது அவர் குற்றமாக இருக்காது. இரண்டாவது பையும் தனியாக வைக்க ஓர் இடமும் யாரும் கொடுத்திருக்க மாட்டார்கள்.

9. உணவுக் கழிவை நாங்களே உரமாக்கலாமா? நாற்றம் வருமோ?

ஈரக் கழிவு ஒரு பங்குக்குக் காய்ந்த இலை, மரத்தூள், கிழித்த அட்டை இரண்டு பங்கு. பிழிந்த பஞ்சு போல ஈரம் இருக்க வேண்டும். அழுகல் நாற்றம் வந்தால் காற்று போதவில்லை: கிளறி, காய்ந்ததைச் சேருங்கள். மூக்கைத் துளைக்கும் அமோனியா வாடை என்றால் ஈரக் கழிவு அதிகம். சூடே ஏறவில்லை என்றால் குவியல் மிகச் சிறியது அல்லது காய்ந்துவிட்டது.

10. பிளாஸ்டிக்கை விட்டுத் துணிப்பை, பேப்பர் கப், 'மக்கும்' கப் என்று மாறினால் சரிதானே?

இங்கேதான் நல்ல எண்ணம் அதிகம் வழுக்குகிறது. டென்மார்க் சுற்றுச்சூழல் துறை 2018இல் வெளியிட்ட ஆய்வில், காலநிலைப் பாதிப்பை மட்டும் பார்த்தால்கூட ஒரு சாதாரணப் பருத்திப் பையை 52 முறை பயன்படுத்தினால்தான் மெல்லிய பிளாஸ்டிக் பைக்கு ஈடாகும் என்று கணக்கிட்டார்கள். குப்பையாகச் சிதறி நிலத்தையும் கடலையும் கெடுப்பது அந்தக் கணக்கில் இல்லை. அதனால் பிளாஸ்டிக் நல்லது என்று ஆகிவிடாது. ஆனால் நிறுவனப் பெயர் அச்சடித்த துணிப்பையை ஒவ்வொருவருக்கும் இலவசமாகக் கொடுத்தால், வீட்டில் பத்தோடு பதினொன்றாகக் கிடக்கும். பை கொண்டுவருகிறவருக்குத் தள்ளுபடி கொடுங்கள், அது மேல்.

பேப்பர் கப்பின் உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது; அதைப் பிரித்தெடுக்கத் தனி ஆலை வேண்டும். 'மக்கும்' என்று விற்கும் பி.எல்.ஏ. (தாவர மாவுச்சத்திலிருந்து செய்யும் பிளாஸ்டிக்) கப், 60 டிகிரி அளவு சூடு நிலைத்து நிற்கும் தொழில்முறை உரக்கூடத்தில்தான் மக்கும். 9ஆம் கேள்வியில் சொன்ன சின்னக் குவியலிலோ, மண்ணிலோ, கடலிலோ பல வருடம் அப்படியே கிடக்கும். வாங்குவதற்கு முன் உங்கள் குப்பையை எடுப்பவரிடம் கேளுங்கள்: இதை எடுத்துக்கொள்ளும் உரக்கூடம் இருக்கிறதா? இல்லையென்றால் கழுவிப் பயன்படுத்தும் எவர்சில்வர் டம்ளரும் பீங்கான் கோப்பையும்தான் விடை.

11. தண்ணீரில் என்ன செய்யலாம்?

2ஆம் கேள்வியின் இரவு மீட்டர் சோதனையை அப்படியே தண்ணீர் மீட்டருக்கும் செய்யுங்கள். யாரும் இல்லாத நேரத்தில் முள் நகர்ந்தால் கசிவு. முதல் சந்தேகம் ஃபிளஷ் டேங்க் மேல். உள்ளே கொஞ்சம் உணவு நிறத்தைக் கலந்து 20 நிமிடம் ஃபிளஷ் செய்யாமல் விடுங்கள். பீங்கானுக்குள் நிறம் தெரிந்தால் அடி ரப்பர் தேய்ந்திருக்கிறது. வினாடிக்கு ஒரு சொட்டு ஒழுகும் குழாய் நாளுக்கு 20 லிட்டருக்கு மேல் வீணாக்கும். கைகழுவும் குழாய் முனையில் காற்றுக் கலக்கும் சல்லடையைத் திருகி மாட்டினால் நிமிடத்துக்கு 10 லிட்டருக்கு மேல் வருவது 5, 6க்கு இறங்கும்.

12. டெலிவரி வண்டிகளை மின் வண்டியாக மாற்ற இப்போது வசதியில்லை.

இருக்கும் வண்டியிலேயே செய்ய வேண்டியது பாக்கி இருக்கிறது. பாதி காலியாகப் போகும் பயணங்களை எண்ணுங்கள். ஒரு திசைக்கு வாரத்தில் குறிப்பிட்ட நாள் என்று வைத்தால் பயண எண்ணிக்கை குறையும். வாடிக்கையாளரிடம் முன்பே சொல்லிவிட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். டயர் காற்றை வாரம் ஒரு முறை, வண்டி கிளம்புவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். சரக்கு ஏற்றும்போது இன்ஜினை அணையுங்கள்.

13. பிளக்கில் செருகினால் கரண்ட் பில் குறையும் என்று ஒரு பெட்டி விற்கிறார்கள். வாங்கலாமா?

வேண்டாம். அதற்குள் இருப்பது ஒரு சின்ன மின்தேக்கியும் ஒரு விளக்கும். அது பவர் ஃபேக்டரை, அதாவது இழுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு உண்மையில் வேலையாகிறது என்ற விகிதத்தை, கொஞ்சம் மாற்றலாம். ஆனால் சின்ன இணைப்புகளின் மீட்டர் கணக்கிடுவது யூனிட்டை, அது குறையாது. பெரிய இணைப்பில் பவர் ஃபேக்டருக்குத் தனி அபராதம் வந்தால் மின்தேக்கி தேவைதான், ஆனால் சுமையை அளந்து, அதற்கேற்ற அளவில் மின்பலகையில் பொருத்த வேண்டும்.

14. கூரையில் சோலார் போட்டுவிட்டால் மற்றதெல்லாம் தேவையில்லையே?

வரிசையைத் தலைகீழாக்கி விடுகிறீர்கள். 2, 3, 4, 6 கேள்விகளில் சொன்னதை முதலில் செய்தால் உங்களுக்குத் தேவையான சோலாரின் அளவே குறையும். கசியும் கம்ப்ரசருக்காகக் கூடுதல் தகடு வாங்குவது வீண்.

ஒரு கிலோவாட்டுக்குத் தகடு மட்டும் 5 சதுர மீட்டர் அளவு. நடக்க, சுத்தம் செய்ய இடம் விட்டால் இன்னும் கூடும். நிழலை வருடத்தின் பல மாதங்களில் பாருங்கள். தகடுகள் தொடராக இணைக்கப்படுவதால், தண்ணீர்த் தொட்டியின் நிழல் ஒரு தகட்டில் விழுந்தாலும் வரிசை முழுக்க உற்பத்தி இறங்கலாம். உங்கள் சுமை பகலிலா இரவிலா என்றும் பாருங்கள். பகலில் ஓடும் பட்டறைக்குப் பொருந்துவது போல இரவுக் கடைக்குப் பொருந்தாது.

15. ஊழியர்கள் ஒத்துழைப்பதில்லை. போஸ்டர் ஒட்டியும் பயனில்லை.

போஸ்டர் ஒரு வாரம்தான். நினைவில் வைக்க வேண்டிய வேலையைக் குறையுங்கள்: பெயர்ப் பலகைக்கு டைமர், கழிவறைக்கு சென்சார், பிரிண்டருக்கு இருபக்க அமைப்பு. மீதி இருப்பதைப் பூட்டும்போது சரிபார்க்கும் தாளாக்கி, யார் கடைசியாகப் போகிறாரோ அவர் கையெழுத்திடட்டும். ஏ.சி. டிகிரியை மட்டும் அவர்களிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்; வேர்த்துக்கொண்டு வேலை செய்யச் சொன்னால் முழுத் திட்டத்தையும் வெறுப்பார்கள். வெறுப்பதும் நியாயம்.

16. எங்கள் பொருளில் 'சூழலுக்கு உகந்தது' என்று அச்சடிக்கலாமா?

கூடாது. சூழல் பற்றிய சுய அறிவிப்புகளுக்கான ஐ.எஸ்.ஓ. 14021 தரமே இப்படிப்பட்ட பொத்தாம்பொது வார்த்தைகளைப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. 'இந்தப் பெட்டி 80 சதவீதம் மறுசுழற்சி அட்டையால் ஆனது' என்று எழுதலாம், ஆதாரம் கையில் இருந்தால். ஐ.எஸ்.ஓ. 14001 சான்றிதழும் பொருளைப் பற்றியது அல்ல. நிறுவனம் தன் சூழல் பாதிப்புகளை முறையாக நிர்வகிக்கிறது என்பதற்கானது. அதைப் பொருளின் மேல் அச்சடித்தால் வாங்குகிறவரைத் தவறாக வழிநடத்துவதாகும்.

17. மரம் நட்டு, கார்பன் கிரெடிட் வாங்கி 'நெட் ஜீரோ' என்று சொல்லலாமா?

மரம் நடுங்கள், வளருங்கள். ஆனால் இன்று எரிக்கும் டீசலின் வாயு இன்றே காற்றில் கலக்கிறது. கன்று அதை இழுத்துக்கொள்ளப் பல பத்தாண்டுகள் ஆகும், அதுவரை அது வெட்டப்படாமலும் காயாமலும் இருக்க வேண்டும். முதலில் குறைப்பது, குறைக்கவே முடியாத மிச்சத்துக்கு மட்டும் கிரெடிட் (வேறொருவர் குறைத்த மாசைப் பணம் கொடுத்து நம் கணக்கில் சேர்ப்பது) என்பதே சரியான வரிசை. கணக்கு எதுவரை என்பதையும் சொல்ல வேண்டும்: நீங்களே எரிப்பது, வாங்கும் மின்சாரம், வாங்கி விற்கும் பொருள்களின் வழியே வருவது என்று மூன்று அடுக்கு உண்டு. வணிகக் கடைகளுக்கு மூன்றாவதுதான் பெரும்பாலும் மிகப் பெரியது. அதை விட்டுவிட்டு 'ஜீரோ' என்பது உண்மையல்ல.

18. யூனிட் குறைந்திருக்கிறது. ஆனால் அந்த மாதம் ஆர்டரும் குறைவு. உண்மையில் மிச்சம் பிடித்தோமா இல்லையா?

சரியான கேள்வி. மாற்றம் செய்வதற்கு முந்தைய மாதங்களின் யூனிட்டையும் உற்பத்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். 1,000 பொருள் செய்த மாதம் 3,400 யூனிட், 600 செய்த மாதம் 2,600 என்று வைத்துக்கொள்வோம். 400 பொருளுக்கு 800 யூனிட் வித்தியாசம், ஆக ஒரு பொருளுக்கு 2 யூனிட். 1,000 பொருளுக்கு 2,000 போக மீதி 1,400 யூனிட், ஒன்றுமே செய்யாவிட்டாலும் போவது. 2ஆம் கேள்வியில் தேடியதில் பெரும்பங்கு இதற்குள்தான் ஒளிந்திருக்கிறது. இரண்டு மாதம் மட்டும் பார்த்தால் தற்செயல் குழப்பும்; 12 மாதப் புள்ளிகளையும் வரைபடத் தாளில் குறித்து நடுவே ஒரு கோடு இழுங்கள். ஏ.சி. அதிகம் ஓடும் இடமென்றால் வெயில் மாதங்களுக்குத் தனிக் கோடு.

மாற்றம் செய்த பிறகு ஒரு மாதம் 700 பொருள் செய்து 2,300 யூனிட் வந்தால், பழைய கணக்குப்படி வந்திருக்க வேண்டியது 1,400உம் 1,400உம் சேர்ந்து 2,800. ஆக 500 யூனிட் உண்மையான மிச்சம். 2,800ஐ ஒட்டியே வந்தால் குறைந்தது ஆர்டர் மட்டும்தான். மறுபடி இரவு மீட்டரைப் பார்க்கப் போக வேண்டும்.